உள்ளது உள்ளபடி

அப்பாவின் மரக்கடைசல் லேத்தை 2025 தை மாதம் விற்றேன். இந்தக் கட்டுரையில் சம்பவம் என்று இருப்பது இவ்வளவுதான். இதில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர் ஒருவர் கேட்டார். (அவர் கவிஞர். பொருள்களின் மௌனம் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்.) விற்றதில் எழுத ஒன்றுமில்லைதான். விற்பதற்கு முன் ஒரு வாரம், வாங்க வருகிறவனிடம் ஒரு விஷயத்தைச் சொல்வதா வேண்டாமா என்று தடுமாறிக்கொண்டிருந்தேன். அந்தத் தடுமாற்றத்தைத்தான் இங்கே பார்க்க விரும்புகிறேன். அது என் சுபாவத்தின் கோளாறு என்று அப்போது நினைத்தேன். நேர்மை என்ற வார்த்தையை நாம் புழங்கும் விதத்திலேயே ஒரு கோளாறு இருக்கிறது என்று இப்போது படுகிறது.

லேத்தைப் பற்றி முதலில். நான்கடி நீள வார்ப்பிரும்புப் பெட். இடது கோடியில், அரைக் குதிரைத்திறன் மோட்டார் பெல்ட் வழியாகச் சுற்றும் தலைப்பகுதி. வலது பக்கம் டெயில் ஸ்டாக்; மரத்தின் நீளத்துக்குத் தக்கபடி இதைப் பெட்டின்மேல் நகர்த்தி, அடியிலுள்ள போல்ட்டை முடுக்கிப் பூட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு முனைகளுக்கும் நடுவே மரத்துண்டு நின்று சுழலும். அப்பா இதை 2003-இல் வாங்கியதே பழசாகத்தான். அவர் உயர்நிலைப் பள்ளியில் கைத்தொழில் ஆசிரியராக இருந்தவர். கடைசல் அவருக்குக் குலத்தொழில் இல்லை. அம்பாசமுத்திரத்தில் மரச்சொப்பு கடையும் பட்டறைகளில் போய்த் திண்ணையில் உட்கார்ந்து, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வின் சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தின்மேல் ஏறும். பிறகு தாழை மடலால் தேய்க்கத் தேய்க்க மினுமினுப்பு வரும். இதைச் செய்யும்போது அவர் முகத்தில் தெரிந்த திருப்தியை நான் வேறு எந்தச் சமயத்திலும் பார்த்ததில்லை, சம்பள நாள் உட்பட. பூரிக்கட்டை, மத்து, பம்பரம், தொட்டில் கட்டை, நடைவண்டிச் சக்கரம். விற்றது கொஞ்சம், கல்யாணத்துக்கும் சீமந்தத்துக்கும் கொடுத்ததுதான் அதிகம். 2023-இல் காலமாகும்வரை பின்கட்டுச் சார்ப்பில் அந்த லேத் ஓடிக்கொண்டிருந்தது.

அதில் ஒரு குறை. டெயில் ஸ்டாக்கின் பூட்டுப் பிடிக்காது. எவ்வளவு முடுக்கினாலும் ஓடும்போது அதிர்வில் மயிரிழை மயிரிழையாகப் பின்வாங்கும். மரத்தின் பிடி தளரும். கவனிக்காவிட்டால் மரம் முனையைவிட்டுக் கழன்று எகிறும். 2014-இல் ஒரு தொட்டில் கட்டை அப்படி எகிறி அப்பாவின் இடது புருவத்தில் அடித்தது. 3 தையல். குளியலறைக் கதவு இடித்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னார். லீவில் வந்திருந்த நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சொல்லாதே என்று அவர் என்னிடம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. தெரிந்தால் அம்மா லேத்தை எடைக்குப் போட்டுவிடுவாள் என்று இருவரும் தனித்தனியாக நினைத்துக்கொண்டிருந்தோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே நான் விற்கவிருந்த பொருளின் குறை எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. விலை பேசும்போது அம்மா பக்கத்தில் நிற்பாள். சொன்னால் விலை இறங்கும், செத்துப்போனவரின் பொய்யும் வெளிவரும். சொல்லாவிட்டால் யாரோ ஒருவனுடைய புருவம். இரும்புக்கடைக்காரரிடம் ஆள் இருந்தால் அனுப்பச் சொன்னபோது என்னையறியாமல் ஒரு வாக்கியம் வாயில் வந்தது: "உள்ளது உள்ளபடி தர்றதுதான், அண்ணாச்சி."

இந்த வாக்கியம் என் வாயில் தயாராக இருந்ததற்குக் காரணம் உத்தியோகம். கடனைக் கட்டாதவர்களின் சொத்தை வங்கிகள் 2002-ஆம் வருஷத்து சர்ஃபேசி சட்டத்தின்படி ஏலத்துக்குக் கொண்டுவருகின்றன. ஏல அறிவிப்பு இரண்டு நாளிதழ்களில் வெளிவர வேண்டும், அதில் ஒன்று வட்டார மொழியில். எங்கள் கிளைக்கு வரும் தமிழ் வாசகத்தில் பிழை பார்ப்பது, தமிழில் எழுதுகிறவன் என்ற குற்றத்துக்காக என் தலையில் கட்டப்பட்ட வேலை. சொத்து 'எங்கே எப்படி உள்ளதோ அங்கே அப்படியே', 'உள்ளது உள்ளபடி', 'என்னென்ன உள்ளதோ அவ்வளவே' என்ற அடிப்படையில் விற்கப்படும். மந்திரம்போல மூன்று முறை. இதன் அர்த்தம்: நீயே வந்து பார்த்துக்கொள், சுவரில் விரிசலோ, கூரையில் ஒழுக்கோ, பட்டாவில் வில்லங்கமோ, பிறகு எங்களிடம் வராதே.

தமிழில் உள்ளதை உள்ளபடி சொல்வது என்றால் மறைக்காமல் சொல்வது. பாட்டி அந்த அர்த்தத்தில்தான் கேட்பாள்: "உள்ளதைச் சொல்லுடா." உள்ளதைச் சொன்னால் நொள்ளைக்கண்ணனுக்கு நோப்பாளம் என்ற பழமொழியிலும் அதே அர்த்தம்தான். இதே வார்த்தைகள் ஏல அறிவிப்பில் ஏறியதும் சொல்ல வேண்டியதில்லை என்பதற்கான அனுமதிச் சீட்டாக மாறிவிடுகின்றன. மாறியிருப்பது வினைச்சொல் மட்டும். 'உள்ளபடி சொல்கிறேன்' என்பதில் நான் பொறுப்பாளி. 'உள்ளபடி விற்கிறேன்' என்பதில் பேசும் பொறுப்பைப் பொருளின் தலையில் வைத்துவிட்டு நான் நழுவிவிடுகிறேன். லேத் பேசாது என்று எனக்குத் தெரியும். அது நின்றுகொண்டிருக்கும்போது பூட்டு நன்றாகப் பிடிக்கும். ஓடி நாலைந்து நிமிஷம் கழித்துத்தான் நழுவ ஆரம்பிக்கும். வாங்க வருகிறவன் ஒரு நிமிஷம் ஓட்டிப் பார்ப்பான்.

சட்டம் என் பக்கம் இருந்தது. வங்கித் தேர்வுக்காக 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தைப் படித்தபோது எனக்குப் பிடித்துப்போனவை அதிலுள்ள உதாரணங்கள். முகமோ ஊரோ இல்லாத இரண்டு பாத்திரங்களை வைத்துச் சொன்ன சின்னஞ்சிறு கதைகள். 17-ஆம் பிரிவில் ஒருவன் இன்னொருவனுக்கு ஏலத்தில் ஒரு குதிரையை விற்கிறான். குதிரைக்குக் கோளாறு உண்டு என்று விற்பவனுக்குத் தெரியும், வாயைத் திறப்பதில்லை. இது மோசடி ஆகாது. அடுத்த கதையில் வாங்குபவள் விற்பவனுடைய மகள், அப்போதுதான் மேஜரானவள். இங்கே உறவின் காரணமாக அவன் சொல்லியாக வேண்டும். மூன்றாவது கதையில் வாங்குபவன் கேட்கிறான்: நீ மறுக்காவிட்டால் குதிரை நல்லது என்று எடுத்துக்கொள்வேன். விற்பவன் மௌனம். இங்கே மௌனம் பேச்சுக்குச் சமம். சட்டம் நிறைவேறிய காலத்தில் சட்ட உறுப்பினராக இருந்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன், வர்ஜீனியா வுல்ஃபின் பெரியப்பா. மௌனத்தை வகை பிரித்துப் பார்ப்பது அந்தக் குடும்பத்தில் ஓடிய விஷயம்போலும்.

குதிரையை மாடாக்கினால் நம்முடைய மாட்டுத்தாவணி வந்துவிடுகிறது. துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற இடத்தில் உதைக்கிற மாட்டை உதைக்கும் என்று யார் சொல்லி விற்கிறான்? பல்லைப் பிடித்துப் பார்ப்பது வாங்குகிறவன் பாடு. சொந்தத்துக்குள் என்றால் கதை வேறு. சட்டமும் தாவணியும் இந்த இடத்தில் ஒன்றுபடுகின்றன: உண்மை உறவுக்காரனுக்கு, கண் அந்நியனுக்கு. ஆனால் லேத்தைப் பார்க்க வந்த பையன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்டான். எங்கள் பக்கத்தில் கூடப்பிறந்த மூத்தவனுக்கும் மளிகைக்கடைக்காரனுக்கும் அந்த ஒரே சொல்தான். எந்த அண்ணாச்சியாக நான் அவனுக்கு முன்னால் நிற்கிறேன் என்பதற்கு ஸ்டீஃபன் உதாரணம் எழுதி வைக்கவில்லை.

இந்தப் பிரச்னையைச் சட்டத்துக்கு வெளியே நின்று நேராகக் கேட்டவர்கள் ஸ்டோயிக்குகள். கி.மு. 44-இல் சிசரோ, ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த தன் மகனுக்காகக் கடமைகளைப் பற்றி எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில் அந்த வழக்கு வருகிறது. ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து ஒரு வியாபாரி தானியத்தோடு வருகிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வந்துகொண்டிருக்கின்றன என்பது அவனுக்குத் தெரியும். சொன்னால் விலை விழுந்துவிடும். சொல்ல வேண்டுமா? வேண்டாம் என்கிறார் பாபிலோன் டயோஜெனிஸ் (பீப்பாயில் குடியிருந்தவர் வேறு ஆள்). வேண்டும் என்கிறார் அவருடைய மாணாக்கர் ஆன்டிபேட்டர். அடுத்த வழக்கு வீடு. மரமெல்லாம் உளுத்துப்போய், அறைகளில் பாம்பு நடமாடும் வீட்டை அதன் சொந்தக்காரன் விற்கிறான். குற்றம் அவனுக்கு மட்டுமே தெரியும். டயோஜெனிஸ் கேட்கிறார்: உன்னை வாங்கச் சொல்லி யார் கட்டாயப்படுத்தினார்கள்? கெட்ட வீடு விற்பனைக்கு என்று தண்டோரா போடுகிறவன் உண்டா? பேசாமலிருப்பது வேறு, மறைப்பது வேறு. சிசரோ ஆன்டிபேட்டர் பக்கம் சாய்கிறார். எல்லா மௌனமும் மறைத்தல் ஆகாது. தெரிந்துகொள்வதில் இன்னொருவனுக்கு நலன் இருக்கும்போது, உன் லாபத்துக்காக அவன் தெரியாமலிருக்க வேண்டும் என்று நீ நினைத்தால் அது மறைத்தல். இதைவிடச் சுத்தமாக இந்த விஷயத்தைச் சொன்னவர்கள் எனக்குத் தெரிந்து இல்லை. அதே பகுதியில் ஸ்கேவோலா என்ற ஒருவர் வருகிறார். நிலம் வாங்கப் போனவர், நீங்கள் சொல்லும் விலை குறைவு என்று விற்பவனிடம் சொல்லி ஒரு லட்சம் செஸ்டர்ஸ் கூடுதலாகக் கொடுத்தார். நல்லவர்தான், கெட்டிக்காரர் இல்லை என்று ஊர் பேசிக்கொண்டதாம். ஊர் எங்கும் ஒன்றுதான்.

நம் மரபில் பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பாராட்டும் இடம் நினைவுக்கு வருகிறது. பழிக்கு அஞ்சி மெய் பேசுகிறவர்கள், கூடுதலாக வாங்கவோ குறைத்துக் கொடுக்கவோ மாட்டாதவர்கள். வணிகனுக்கென்று குறளிலும் ஒரு பாட்டு இருக்கிறது, நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசியில். இவையெல்லாம் நாளைக்கும் கடை திறக்கப்போகிறவனுக்கு உரிய அறம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பழி என்பது அவனுக்கு ரொக்க நஷ்டமும்கூட. நான் வாழ்க்கையில் ஒரே ஒரு லேத்தை விற்கப்போகிறவன். எனக்கு மறுநாள் கிடையாது. ஒருமுறை மட்டுமே விற்கிறவன் சொல்லும் உண்மைக்கு வேறு கூலி இல்லை. அதனால் வீட்டுப் பின்கட்டு வியாபாரத்தில்தான் இந்தக் கேள்வி கலப்படமில்லாமல் வருகிறது.

சிசரோவை ஒப்புக்கொண்டுவிட்டால் நான் சொல்லியாக வேண்டும். விஷயம் முடிந்தது. முடியவில்லை என்பதற்குக் காரணம் லேத். சிசரோவின் வீட்டுக்காரனுக்குப் பாம்பு இருக்கும் அறை தெரியும். தெரிந்ததைச் சொல்வதா என்பது மட்டும்தான் அவனுடைய கேள்வி. எனக்குத் தெரிந்தது என்ன? பூட்டுப் பிடிக்காது என்பது. அப்பா அந்தப் பிடிக்காத பூட்டோடு இருபது வருஷம் வேலை பார்த்தார், எகிறியது ஒரே ஒரு தடவை. அப்படியானால் பாக்கி ஆயிரக்கணக்கான தடவை எகிறாமல் பிடித்துக்கொண்டிருந்தது எது? அவர் கடைவதை எவ்வளவோ பார்த்திருக்கிறேன். வலது கையில் உளி. இடது கை சிலசமயம் போய் டெயில் ஸ்டாக்கின் சக்கரத்தை ஒரு கால் சுற்று சுற்றிவிட்டு வரும். பேச்சுக்கு நடுவே, கண் அந்தப் பக்கம் போகாமல். மரத்தின் சப்தம் மாறுவது காதில் விழுந்ததும் கை போகிறது என்று நினைக்கிறேன். அந்தச் சப்தம் என் காதில் ஒருநாளும் விழுந்ததில்லை.

நம் வட்டாரத்தில் சமய சந்தர்ப்பமில்லாமல் எடுத்தாளப்படும் ஹைடெக்கரின் சுத்தியலை நானும் ஒருமுறை எடுத்துக்கொள்கிறேன். 1927-இல் வெளிவந்த அவருடைய நூலில், கருவி ஒழுங்காக உழைக்கும்போது நம் கவனத்திலிருந்து மறைந்துவிடுகிறது. பழுதாகும்போது பொருளாக முன்வந்து நிற்கிறது. அப்பாவின் லேத் இந்தக் கணக்கில் அடங்காது. அது பழுதாகவும் இருந்தது, மறைந்தும் இருந்தது. பழுது அவருடைய இடது கைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. அவரைப் பொறுத்தவரையில் அது குறை என்ற கணக்கிலேயே இல்லை, லேத்தை ஓட்டுகிற முறையில் ஒரு பகுதி. கையை எடுத்துவிட்டு இயந்திரத்தை மட்டும் விற்கும்போதுதான் குறை உண்டாகிறது. விற்கும் அந்தக் கணத்தில் நான்தான் அதை உண்டாக்குகிறேன் என்றுகூடச் சொல்லலாம். இதில் உள்ளது எது, உள்ளபடி எது?

பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கல்லிடைக்குறிச்சிப் பக்கம். கோயம்புத்தூரில் ஒரு மரச்சாமான் பட்டறையில் இருந்துவிட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்க வந்தவன். மார்கழியிலேயே கேட்டான், தை பிறக்கட்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். வந்ததும் தலைப்பகுதியைக் கையால் சுற்றிக் காதை வைத்துக் கேட்டான். பெட்டின்மேல் விரலை இழுத்துப் பார்த்தான். டெயில் ஸ்டாக்கைப் பூட்டினான், திறந்தான், மறுபடி பூட்டினான். மோட்டாரில் ஒருதடவை காயில் கட்டியிருக்கிறது என்றான், இருந்தது. நான் 16,000 சொன்னேன். அவன் 12,000 என்றான். 13,500-இல் நின்றது. அம்மா சார்ப்பு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவன் பணத்தை எண்ண ஆரம்பித்தபோது, எண்ணி முடித்துவிட்டால் என்னால் முடியாமல் போய்விடும் என்று தோன்றிச் சொன்னேன்.

"தம்பி, அந்தப் பூட்டு பிடிக்காது. ஓடும்போது நழுவும். மரம் எகிறும்."

அவன் எண்ணுவதை நிறுத்தவில்லை. "தெரியும் அண்ணாச்சி. பாத்தவுடனேயே தெரிஞ்சுபோச்சு. ஒரு நானூறு ரூபா வேலை. சொன்னா நீங்களே சரிபண்ணிட்டு இருபதாயிரம் கேட்டுருவீங்கன்னு பேசாம இருந்தேன்." சிரித்தான்.

ஒரு வாரத் தடுமாற்றம் இவ்வளவு மலிவாகப் போய்விட்டது. மறைக்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததை அவன் மறைத்துக்கொண்டிருந்தான். இப்போது இருவருமே உண்மை சொன்னவர்கள். ரோட்ஸ் வழக்குத் தீர்ந்துவிட்டது. பிறகு அவன் சாதாரணமாகக் கேட்டான்: "ஐயா இதை எப்படிச் சமாளிச்சாங்க?"

எனக்குப் பதில் இல்லை. இடது கை, கால் சுற்று என்று என்னவோ சொன்னேன். காற்றில் கையைச் சுற்றிக் காட்டினேன். அவன் மரியாதைக்குத் தலையாட்டினான். அம்மா உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்துவந்தாள். உள்ளே சைக்கிள் டியூப் துண்டுகள், எல்லாம் ஒரே அளவாகக் கத்தரித்தவை.

"இதை மடிச்சு அடித்தகட்டுக்கும் பெட்டுக்கும் நடுவுல வச்சு முடுக்கணும் தம்பி. ஒரு கட்டைக்கு ஒண்ணு. ஒருதடவை வச்சதைத் திரும்ப வைக்கக் கூடாது, நைஞ்சுபோகும். நான்தான் வெட்டிக் குடுப்பேன். ஒருநா வெட்டிக் குடுக்க மறந்துட்டேன், பழசை வச்சு ஓட்டிப் புருவத்துல வாங்கிக்கிட்டாக. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கோ."

என் பக்கம் அவள் திரும்பவில்லை. 11 வருஷமாக அவளிடமிருந்து நான் காப்பாற்றிவந்த ரகசியத்தை அவள் வாங்குகிறவனுக்கான குறிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சரிபண்ணியிருக்கலாமே என்று பையன் கேட்டதற்கு, "அவுகளும் நாளைக்கு நாளைக்குன்னுதான் இருந்தாக" என்றாள். கைத்தொழில் ஆசிரியர்!

அன்றைக்கு அம்மா கோயிலுக்குப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். பிடிக்காது என்று நான் சொல்லியிருப்பேன். தெரியும் என்று அவன் சொல்லியிருப்பான். ஆன்டிபேட்டருக்கும் சிசரோவுக்கும் பரம திருப்தி. என் மனச்சாட்சி துடைத்துவைத்த பாத்திரம்போல இருந்திருக்கும். டின் கட்டிலுக்கு அடியில் கிடந்திருக்கும். நான் சொன்ன உண்மை பூட்டைப் பற்றியது. அவனுக்கு வேண்டியிருந்த உண்மை என்னிடம் இல்லை, இல்லை என்பதும் எனக்குத் தெரியாது. சொல்வதா வேண்டாமா என்று ஒரு வாரம் என்னையே கேட்டுக்கொண்டிருந்தவன், யாருக்கு என்ன தெரியும் என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்க அம்மாவிடமிருந்து எதையாவது மறைக்க வேண்டும் என்ற நினைப்பில்தான் நடமாடினேன். அப்பாவின் இடது கையைப் பற்றிச் சற்று முன்னால் நான் எழுதிய பத்தியும் பாதிதான் சரி. பாதி வேலையை டியூப் செய்துகொண்டிருந்திருக்கிறது. அதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மினிலாரியில் லேத்தை ஏற்றும்போது டின்னையும் அவன் வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். சார்ப்பின் சிமென்ட் தரையில் நாலு போல்ட் ஓட்டைகள் இருக்கின்றன. அம்மா அதன்மேல் அரிசி மூட்டையைப் போட்டிருக்கிறாள்.

ஒரு மாதம் கழித்து அவன் போன் பண்ணினான். நானூறு ரூபாய் வேலை என்று நினைத்தது தப்பாம். அடிவார்ப்பே தேய்ந்திருக்கிறது, புதிதாக வார்த்துப் போட 4,000 கேட்கிறார்கள், இப்போதைக்குக் கையில் இல்லை. டின்னில் இருந்தது தீர்ந்துவிட்டது. புது டியூப் வாங்கி வெட்டி வைத்தால் வழுக்குகிறது. பெரியம்மா வெட்டியது புது டியூப்பா, ஓடித் தேய்ந்த டியூப்பா?

கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன்.